என் மகளின் வயிற்றுக்காக ஆண்டவர் என் வாயைத் திறந்தார்

சபையில் உள்ள பெரியவர்களுக்கும் சகோதர சகோதரிகளுக்கும் என் வணக்கம். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாவது வரைதான் படித்தேன். தயவுசெய்து பொறுத்துக்கொண்டு படியுங்கள். ஆராதனையில் எழுந்து நின்று பேச எனக்குக் கூச்சம். நான்கு பேர் பார்த்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் எழுதித் தருகிறேன்.

நான் திண்டிவனத்தில் தள்ளுவண்டியில் வேகவைத்த மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, விற்பவன். கல்யாணமாகி வெகு காலம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. போன ஆடி மாதம் என் மனைவி எஸ்தருக்குப் பெண் பிறந்தாள். கிருபை என்று பெயர் வைத்தோம். பிரசவத்தில் எஸ்தருக்கு வலிப்பு வந்தது. அவள் பிழைத்ததே பெரிது. பால் சுரக்கவில்லை. டப்பா பால் கொடுக்கச் சொன்னார்கள். அதை எப்படிக் கலக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்சம்மா அவளுக்குத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் கலந்து கொடுத்தவரை பிள்ளை நன்றாகத்தான் இருந்தாள்.

ஐப்பசி மழையில் எஸ்தருக்கு மஞ்சள் காமாலை வந்து திண்டிவனம் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓமந்தூரிலிருந்து என் அக்கா சுந்தரி வந்தாள். என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பிள்ளையைத் தரையில் விடமாட்டாள்.

அக்கா வந்த கொஞ்ச நாளில் பிள்ளைக்கு வெளிக்குப் போவது நின்றது. முதலில் நாங்கள் பயப்படவில்லை. டப்பா பால் குடிக்கிற பிள்ளை ஒரு நாள் விட்டுத்தான் போகும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். பிறகு பிள்ளை முக்க ஆரம்பித்தாள். முகம் சிவந்துவிடும். காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கத்துவாள். ஆட்டுப் புழுக்கை போல ஒன்றிரண்டு விழும். அவ்வளவுதான்.

"வெத்தலக் காம்புல வெளக்கெண்ண தடவி வச்சா ஜல்தியா போயிடும்டா" என்றாள் அக்கா. வைத்தாள். கெட்டியாக ஒன்று வந்தது. அதன் மேல் ரத்தம் கோடு போட்டது போல இருந்தது.

அந்த ரத்தத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. வண்டியில் மல்லாட்டை அளக்கும்போது கணக்கு விட்டுப்போனது. பிள்ளைக்கு வயிறு தப்பட்டை போல இறுகிவிட்டது. பாலைக் குடித்தாள், கக்கினாள். பிறகு குடிக்கவும் இல்லை. உதடு காய்ந்து தோல் உரிந்தது. துணி நனையவில்லை. கத்துவதையும் நிறுத்திவிட்டாள். கத்தியபோது இருந்த பயத்தைவிட அதுதான் பெரிய பயம்.

திண்டிவனத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "குடல்ல ஏதாவது கோளாறு இருக்கலாம். அப்படி இருந்தா ஆபரேஷன் பண்ண வேண்டி வரும். நேரம் கடத்தாம முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுங்க" என்றார்.

மூன்று மாதப் பிள்ளை. ஒரு முழம்கூட இல்லாத உடம்பு. அதில் எங்கே கத்தி வைப்பார்கள் என்று நினைத்தேன். அக்காவும் நானும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினோம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள். மழை. பிள்ளை என் மடியில் கண்ணைப் பாதி திறந்தபடி கிடந்தாள். உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது. மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்து வைத்துப் பார்த்தேன். எஸ்தருக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

எனக்கு நீட்டி ஜெபிக்கத் தெரியாது. "ஆண்டவரே, இவளை எங்ககிட்டயே விட்டுடுங்க. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியல. நீங்களே காட்டுங்க. பொழச்சா சபையில சொல்றேன்." இதையே திரும்பத் திரும்ப மனதுக்குள் சொன்னேன். வேறு வார்த்தை வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பார்த்தார்கள். அக்காதான் பதில் சொன்னாள். நான் வழக்கம்போல பின்னால் சுவரோடு நின்றேன்.

"பொறந்ததும் கருப்பா மலம் போனாளா?"

"அன்னிக்கே போனாம்மா."

"பால் எப்படிக் கலக்குறீங்க?"

"டப்பாவுல போட்டுக்கிற மாரிதாம்மா. நூத்தி இருவது தண்ணிக்கு நாலு கரண்டி. ஒண்ணு கூட இல்ல, ஒண்ணு கொறய இல்ல."

கணக்கு சரியாக இருந்தது. டாக்டரம்மா தலையாட்டிவிட்டு ஸ்கேனுக்கு எழுதக் குனிந்தார்கள். அப்போது எனக்குள் ஏதோ நெருக்கியது. பேசு, பேசு என்பது போல. என் வாய் தானாகத் திறந்தது.

"டாக்டரம்மா, எங்க அக்கா கும்பலா குவிச்சு அளப்பாங்க."

அக்கா திரும்பி முறைத்தாள். "ஏண்டா, பச்சக் கொயந்தைக்குப் போயி தலை தட்டி அளப்பாங்களா? நான் இன்னா ரேஷன் கடையா வச்சிக்கினு இருக்கேன்?"

எங்கள் வழக்கம் அப்படி. வண்டியில் நான் மல்லாட்டை அளப்பதும் குவியலாகத்தான். வீட்டில் யாருக்கு எது அளந்தாலும் தலை தட்டமாட்டோம். தட்டி அளந்தால் கஞ்சன் என்பார்கள். அக்கா அளப்பதை நானும் தினம் பார்த்தேன். தப்பாகவே தோன்றவில்லை.

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார்கள். "டப்பா இருக்கா? அளந்து காட்டுங்க."

பையில் டப்பா இருந்தது. அக்கா கரண்டியில் மாவை அள்ளி, கட்டை விரலால் அமுக்கி, அதன் மேல் இன்னொரு கும்பம் வைத்தாள். டாக்டரம்மா அதைக் காகிதத்தில் கொட்டி, அதே கரண்டியில் தலை தட்டி அளந்தார்கள். ஒரு கரண்டி போக, இன்னும் பாதிக் கரண்டிக்கு மேல் மீதி இருந்தது.

"இது பால் இல்லம்மா. களி. குடலுக்குத் தண்ணியே போகல. ஒடம்புல இருக்கிற தண்ணியையும் இது உறிஞ்சிக்கும்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ரத்தம் எடுத்தார்கள். தண்ணீர் குறைந்து ரத்தத்தில் உப்பு ஏறியிருந்தது. "மெதுவாத்தான் எறக்கணும். வேகமா எறக்கினா வலிப்பு வரும்" என்றார்கள். வலிப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் எஸ்தரின் பிரசவம்தான் கண்முன் வந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்காமல் தேடினார்கள். பிள்ளை கைவிரல் துடித்தால்கூட நான் நர்சம்மாவைக் கூப்பிட்டேன். கூச்சம் எங்கே போனது என்று தெரியவில்லை. அந்த நாட்களில் நான் சாப்பிட்டது நினைவில்லை. ஜெபித்தது மட்டும் நினைவிருக்கிறது.

சொட்டுச் சொட்டாக நீர் ஏறியது. துணி நனைந்தது. பிறகு ஒரு காலையில் பிள்ளை அழுதாள். நன்றாக, சத்தமாக அழுதாள். கொஞ்ச நேரத்தில் அக்காவின் மடியெல்லாம் ஈரம். மஞ்சளாக, இளக்கமாகப் போயிருந்தாள்.

"அடி மவராசி, இதுக்கா இவ்ளோ பேஜாரு பண்ண" என்றாள் அக்கா. புடவையைத் துடைக்கவே இல்லை. அப்படியே உட்கார்ந்து அழுதாள். நான் வராந்தாவுக்குப் போய் சுவரில் தலை சாய்த்து நன்றி சொன்னேன்.

கத்தி வைக்கவில்லை. குடலில் ஒரு கோளாறும் இல்லை என்றார்கள். தண்ணீரை முதலில் அளந்து ஊற்ற வேண்டும், பிறகு மாவைத் தட்டி அளந்து போட வேண்டும், காம்பு, சோப்பு, எண்ணெய் எதையும் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார்கள். தினமும் போகாவிட்டால் பயம் இல்லை, இளக்கமாகப் போனால் போதும். வயிறு உப்பினாலோ, பச்சையாகக் கக்கினாலோ, ரத்தம் வந்தாலோ உடனே வரவேண்டும் என்றார்கள்.

இப்போது எஸ்தர் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். கிருபை கேப்பைக் கூழ் குடிக்கிறாள், தவழ்கிறாள். நானும் முன்பு போல இல்லை. ஆண்டவரிடமும் மனிதரிடமும் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன்.

பிள்ளைக்காகப் பயந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால் உங்களுக்குச் சொல்கிறேன். தெரிந்த வார்த்தையில் ஜெபியுங்கள், ஒரு வரி போதும். ஜெபித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நடந்ததை ஒன்று விடாமல் சொல்லுங்கள். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்கிறார். என் ஜெபத்தையும் கேட்டார்.

சபையில் சொல்வதாகச் சொன்ன வாக்கை இப்படி நிறைவேற்றுகிறேன்.

திண்டிவனம்,
மார்ச் 9, 2026, திங்கட்கிழமை.