மைனா பயப்படாத சீடி

என் அண்ணன் பழனிசெட்டிபட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்தான். எத்தனையோ பேருடைய கல்யாணம் அவன் கேமராவுக்குள் போய் வந்தது. ஒரு வாரக் காய்ச்சலில் அவன் போனபோது, மாலை போட ஒரு படம் தேடினால் கடையில் ஒன்றுகூட இல்லை. ஆதார் கார்டுப் படத்தைத்தான் பெரிதாக்கி மாட்டினோம். அதில் யாரையோ அடிக்கக் கிளம்பியவன் மாதிரி இருப்பான். அதைப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். துக்கம் கேட்க வந்தவர்கள் முன்னால் துப்பட்டாவை வாயில் பொத்திக்கொள்வேன். நான் அழுகிறேன் என்று நினைத்து அவர்கள் இன்னும் கொஞ்சம் அழுவார்கள்.

படம் போகட்டும். குரல் இல்லை. வீட்டில் விடிந்தால் அடைந்தால் கத்திக்கொண்டிருந்தவன் பேச்சைப் போனில் பதிந்து வைக்க யாருக்குத் தோன்றும்? ஆறு மாதம் கழிந்ததும் எனக்கு அது மறக்க ஆரம்பித்தது. என்ன சொல்வான் என்பது தெரிகிறது, எப்படிச் சொல்வான் என்பது காதுக்குள் வரவில்லை. பயந்துபோனேன்.

கல்யாண வீடியோவில் கேமராக்காரன் பேச்சு பதியாமல் இருக்காது. “மாப்ள, இங்க பாருங்க”, “சிரிங்கம்மா” என்று அவன்தானே பேசிக்கொண்டே இருக்கிறான். ஆனால் எடிட்டிங்கில் முதலில் போவதும் அதுதான். மேலே சினிமாப் பாட்டைக் கொட்டி மூடிவிடுவார்கள். அண்ணனும் அதையேதான் செய்தான், ஒரே ஒரு கல்யாணத்தைத் தவிர.

அந்த வருஷம் மதுரைக்குப் போனவன், டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூரே எழுதுகிற டிரைவும் அதற்குப் பத்து வெற்று சீடியும் வாங்கி வந்தான். ஓடைப்பட்டியிலிருந்து ஒரு திராட்சைத் தோட்டக்காரர் மகள் கல்யாணத்துக்குப் பேச வந்திருந்தார். அவரைப் பிடித்துக்கொண்டான்.

“அய்யா, ஒரே பெட்டியில ரெண்டு சீடி. ஒண்ணு டிவிடி, இப்ப உங்க வீட்ல இருக்குற மிஷினுக்கு. இன்னொண்ணு ப்ளூரே, இனிமே நீங்க வாங்கப்போற மிஷினுக்கு.”

“வாங்காத மிஷினுக்கு எதுக்குப்பா சீடி?”

“மாப்பிள்ளையப் பாத்துட்டா மகளுக்கு நகை சேத்தீக?”

மனுஷன் அதில் விழுந்துவிட்டார். அந்தப் பெட்டியை வாங்கிய ஒரே ஆளும் அவர்தான். மீதி ஒன்பது வெற்று சீடியும் கடையிலேயே கிடந்தன. அதை ஓட்டுகிற மிஷின் எங்களுக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை. எங்களிடமும் கம்ப்யூட்டரில் இருந்த அந்த டிரைவ்தான்.

டிவிடிக்கு மட்டும் அண்ணன் ஒரு வாரம் உட்கார்ந்து பாட்டு, பறக்கிற இதயம், உதிர்கிற ரோஜாப்பூ எல்லாம் போட்டான். ப்ளூரேயில் கேமராவில் எடுத்ததை எடுத்தபடியே கொட்டினான். நான் பெட்டிக்கு அட்டை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

“இதுக்குப் பாட்டு போடலையாண்ணே?”

“ஓட்டிப் பாக்க ஆளு இருந்தாத்தானத்தா பாட்டு? கெடக்கட்டும்.”

கேமரா கார்டில் இருந்ததை அடுத்த கல்யாணத்துக்காக அழித்துவிட்டான். ஆக, அவன் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருந்தால் ஓடைப்பட்டியில் அந்த ஒரு சீடியில்தான் இருக்கவேண்டும்.

சின்னமனூரில் பஸ் மாறிப் போனேன். வீட்டில் தோட்டக்காரரின் மனைவி இருந்தார். நிஜத்தைச் சொன்னால் அங்கேயே அழுதுவிடுவேன் என்று, “குடுத்த சீடி எல்லாம் நல்லா இருக்கான்னு செக் பண்ணி வாறோம்மா” என்று அளந்தேன். அவர் பீரோவைத் திறந்து, பட்டுச் சேலைகளுக்கு நடுவிலிருந்து பெட்டியை எடுத்தார். டிவிடி பளபளவென்று இருந்தது. பக்கத்துக் குழி காலி.

“இன்னொண்ணு எங்கம்மா?”

“அதுவா? அது ஒரு வருசமா தோட்டத்துக்கு வேலைக்குப் போகுது.”

எங்கள் பக்கம் திராட்சை பழுக்கிற நேரத்தில் பழைய சீடிகளைக் கயிற்றில் கட்டிப் பந்தலில் தொங்கவிடுவார்கள். வெயில் பட்டு மின்னினால் பறவை வராது. ஓடுகிற சீடி பீரோவுக்கு, ஓடாத சீடி பந்தலுக்கு என்று அந்த அம்மா பிரித்துவிட்டார்.

தோட்டத்தில் தோட்டக்காரரே இருந்தார். வீட்டிலிருந்து போன் போயிருக்கும், என்னைக் கண்டதும் ஆரம்பித்துவிட்டார்.

“உங்க அண்ணன் குடுத்ததுலயே தெண்டம் அதுதான் தாயி. மத்த சீடியெல்லாம் பளீர்னு அடிக்கும். அதுக்கு அடிப்பக்கம் கருநீலமா இருக்கா, கூலிங்கிளாஸ் போட்டவன் மாதிரி சும்மா தொங்குது. மைனா அது பக்கத்துலயே உக்காந்து பழம் திங்குது.”

“எங்கனய்யா தொங்குது?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். “செக் பண்ண வந்த பிள்ளைக்கு எதுக்கு கண்ணுல தண்ணி?”

சொல்லிவிட்டேன். பாட்டு போடாததை, குரலை, எனக்கு மறந்துகொண்டு வருவதை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார்.

“காய்ச்சல்னு சொன்னாக. கேள்விப்பட்டேன். வா.”

பந்தலுக்கடியில் இருவரும் குனிந்துகொண்டே வரிசை வரிசையாகப் போனோம். சினிமா சீடி, சாமிப் பாட்டு சீடி, இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கிற சீடி எல்லாம் தொங்கின. கடைசி வரிசையில் இருந்தது அது. சொல்லிவைத்த மாதிரி மேலே கம்பியில் ஒரு மைனா. அவர் கை தட்டினார், போகவில்லை. “பாத்தியா, மதிக்குதா பாரு?” என்றார். நான் ஓடிப்போய் சீடியைப் பிடித்த பிறகுதான் பறந்தது.

வீட்டில் அந்த அம்மா டிவிடியையும் சேர்த்துப் பெட்டியோடு கொடுத்தார். “ஒரு பெட்டியில வந்தத பிரிக்கக் கூடாது. பாத்துட்டுக் கொண்டாந்துரணும். கல்யாண சீடி வெளிய தங்கக் கூடாது.”

“ஒரு வருசமா காட்டுல தொங்கவிட்டவ பேசுற பேச்சப் பாரு,” என்றார் அவர்.

கடைக்கு வந்து மைனா எச்சத்தைக் கழுவி, துடைத்து, டிரைவில் போட்டேன். சுற்றியது, நின்றது, வெளியே துப்பியது. மறுபடி போட்டேன். மறுபடி துப்பியது. அண்ணனை வைகிற மாதிரி அதை வைதேன். நாலாவது தடவை ஏற்றுக்கொண்டது. உள்ளே இருந்த அத்தனை வீடியோத் துண்டிலும் ஒன்றே ஒன்றுதான் திறந்தது. படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோயிற்று. சத்தம் மட்டும் வந்தது. மேளம். குழந்தைகள். யாரோ ஒரு ஆள், “ஏப்பா கேமரா, குனிப்பா! மறைக்குது!”

அப்புறம் அவன்.

“இதுக்கு மேல குனிஞ்சா தாலி தெரியாதுங்க, எல்லாரு கால்விரலும்தான் தெரியும். ஏத்தா, லைட்டத் தூக்கு! அங்கன என்ன பார்வ, கேசரியவா பாக்குற?”

அன்றைக்கு லைட் பிடித்தது நான். கேசரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் தனியாக உட்கார்ந்திருந்தவளுக்குக் கை தன்னால் மேலே போய்விட்டது.

டிவிடியை டிவியில் ஓட்டியபோது இன்னொன்று கிடைத்தது. பெண்ணுக்குப் பொட்டு வைக்கிற இடத்தில், கண்ணாடிக்குள் இரண்டு விநாடி அண்ணன் நிற்கிறான். ஒரு கண்ணை மூடி, நாக்கைக் கடித்துக்கொண்டு. அவனே போட்ட ரோஜாப்பூ அவன் மூக்கிலேயே விழுகிறது. அம்மாவைக் கூட்டிவந்து டிவியில் அந்தப் படத்தை நிறுத்தி, கம்ப்யூட்டரில் சத்தத்தைப் போட்டேன். வாய் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். கொஞ்சமும் ஒட்டவில்லை. அம்மா ரொம்ப நேரம் பார்த்தாள்.

“சாப்புடாம நிக்கிற பிள்ளைய எதுக்கு இப்பிடி வையுறான்?” என்றாள்.

அடுத்த வாரம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். இரண்டு சீடியும் அதனதன் குழியில் இருந்தன. அந்தக் கொஞ்சம் சத்தத்தை அவர்கள் மிஷினில் ஓடுகிற மாதிரி ஒரு டிவிடியிலும் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். பந்தலுக்கு என்று மின்னுகிற பழைய சீடி ஒரு கட்டு. தோட்டக்காரர் மிஷினைத் துடைத்து அந்த டிவிடியைப் போட்டார். மேளம் வந்தது. குழந்தைகள் வந்தார்கள். “ஏப்பா கேமரா, குனிப்பா! மறைக்குது!”

அந்த அம்மா அவரைத் திரும்பிப் பார்த்தார். “இது உங்க தொண்டையில்ல?”

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “பெத்த பொண்ணு கழுத்துல தாலி ஏறுறது எனக்கே தெரியல. அந்தக் கோவம் தாயி.”

அண்ணன் கால்விரல் என்றதும் அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்காமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். இந்தத் தடவை தன் குரல் வருவதற்குள் முந்திக்கொண்டு, டிவியைப் பார்த்துச் சொன்னார்:

“நல்லா நிமுந்தே நில்லுப்பா. மறைச்சா மறைச்சுட்டுப் போகுது.”