ஒரு மிஷின் மட்டும் சரியாகவில்லை

என் மனைவிக்கு அவள் வேலை பார்க்கும் இடத்தில் கழுகு என்று பெயர். மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் கம்பெனி அது. அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பிழை பார்ப்பவள் அவள்தான். ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவாள். வீட்டில் நான் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டாலும் தப்ப முடியாது.

அந்தக் கண்தான் மங்க ஆரம்பித்தது. கண்ணாடி போட்டாலும் ஓரளவுக்குத்தான் தெரியும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். அவள் வெளியே மூச்சு விடவில்லை. கம்ப்யூட்டரில் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கி வேலை பார்ப்பாள். பக்கத்தில் ஆள் வந்தால் சட்டென்று சின்னதாக்கிவிடுவாள். விஷயம் தெரிந்தால் அட்டைப்பெட்டி ஒட்டும் வேலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்று பயம்.

அங்கே இருக்கும் கம்ப்யூட்டர் மிஷின்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. அணைத்துவிட்டு மறுநாள் போட்டால் திரை மஞ்சளடித்திருக்கும், எழுத்து சின்னதாகியிருக்கும், முந்தின நாள் செய்த மாற்றமெல்லாம் போன இடம் தெரியாது. ஆளாளுக்குத் திரையோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். கம்ப்யூட்டர் ரிப்பேர் என் தொழில் என்பதால் முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

பார்த்ததும் சிரிப்பு வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் பழைய மிஷினில் இருந்ததை அப்படியே எல்லாவற்றுக்கும் காப்பியடித்திருக்கிறார். பழைய திரைக்கென்று போட்ட குட்டி ப்ரோக்ராம் ஒன்றும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மிஷின் எழுந்தவுடன் அது திரையைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிடும். அதை எடுத்தால் தீர்ந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனைவிக்கு முகம் மாறிவிட்டது.

"மத்ததைச் சரி பண்ணுங்க. என் மிஷின்ல மட்டும் கை வைக்காதீங்க."

"ஏன்?"

"முதலாளிதான் காலையில வந்து எல்லா மிஷினையும் போடறாரு. பெருசு பண்ணின எழுத்தை என்னிக்காவது மாத்த மறந்துட்டேன்னா அவர் கண்ணுல பட்டுடும். இப்ப தானா மாறிடுது, நான் பிழைச்சேன்."

"மஞ்சளை மட்டும் தனியா எடுக்க முடியாதே."

"இருந்துட்டுப் போகட்டும்."

அவளுடையதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சரிசெய்தேன். மறுநாள் முதலாளியிடமிருந்து போன், ஒரு மிஷின் மட்டும் இன்னும் மஞ்சள் என்று. போய் அவள் மிஷினைப் பேருக்குக் கழற்றி, ஊதி, துடைத்து, மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாளும் மஞ்சள்தான். மறுபடியும் கூப்பிட்டார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க," என்றார் முதலாளி. "வேற ஆளைப் பாத்துக்கறேன். நம்ம இன்னொரு ஆபீஸ் வேலையையும் உங்ககிட்டயே குடுக்கலாம்னு நினைச்சேன்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவள் பக்கம் திரும்பாமல் சொன்னேன்.

"ஆமா சார். எனக்குப் பிடிபடல."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. என் மனைவி எழுந்து நின்றிருந்தாள்.

"பொய் சொல்றாரு சார். அவருக்கு நல்லாத் தெரியும். நான்தான் வேணாம்னு தடுத்தேன்." தன் திரையைக் காட்டினாள். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. எழுத்தைப் பெருசு பண்ணித்தான் பாக்கறேன்."

முதலாளி அந்தத் திரையைக் குனிந்து பார்த்தார். பிறகு சொன்னார்.

"பெருசாவே வச்சுக்கிட்டுப் பாருங்கம்மா. ஆனா உங்களுக்கு அப்புறம் இன்னொருத்தரும் ஒரு தடவை பாக்கட்டும். மருந்து விஷயம்."

அவர் சொன்னது நியாயம்தான். அவளும் தலையாட்டினாள். ஆனால் கடைசியாகப் பார்க்கிறவள் இனி அவளில்லை. முகம் சுருங்கிப் போனது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ப்ரோக்ராமை எடுத்துப் போட்டேன்.

பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன்.

"நான்தான் சமாளிச்சேன்ல? நீ ஏன் வாயைத் திறந்தே?"

அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அவ்வளவு பேர் முன்னாடி உங்களுக்கு வேலை தெரியாதுன்னு நீங்களே சொல்றீங்க. அதை எப்படிங்க கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்?"

இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் தொழிலைப் பற்றி அவள் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.