சிவப்புப் பட்டன் டாலர்

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது சேலையூர் ஜெரூஷாவுக்கு நிஜமாகவே நடந்தது. நினைத்தால் எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் பொங்குகிறது.

ஜெரூஷா காயலான் கடைச் சாமான்களில் நகை செய்கிறவள். பேரிங் குண்டில் கம்மல், செம்புக் கம்பியில் வளையல். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய இரும்பு விற்கும் ரங்கனிடம் ஒரு சிவப்புப் பட்டன் வாங்கினாள். மிஷினை அவசரமாக நிறுத்த அமுக்குவார்களே, காளான் மாதிரி, அது. தலையை அறுத்து, செம்பு வளையம் கட்டி, கழுத்துக்கு டாலராக்கினாள்.

எதையும் விற்பதற்கு முன் ஒருநாள் தானே போட்டுப் பார்ப்பது அவள் வழக்கம். தோல் கறுக்கிறதா, முடி மாட்டுகிறதா என்று தெரியவேண்டுமே. டாலரைப் போட்டுக்கொண்டு, அடுத்த நகைக்காக பாலிஷ் மோட்டாரை ஓடவிட்டாள்.

டக்.

யாரோ உள்ளங்கையால் அவள் நெஞ்சை அமுக்கினார்கள்.

திரும்பினாள். யாருமில்லை. மறுபடி ஒரு அமுக்கு. மறுபடி... மோட்டாரை நிறுத்தினாள். அமுக்குவதும் நின்றது.

கணவன் ஆபேலிடம் சொன்னாள். கேஸ் டிரபிள், இஞ்சிச் சாறு குடி என்றான் அந்த மகானுபாவன். ஈசிஜி எடுத்தார்கள், எல்லாம் நார்மல். அவளுக்கு வந்த கோபத்தில் டாலரைக் கழற்றிக் குப்பை வண்டியில் போட்டாள். விட்டதா? மறுநாள் கிரைண்டர் ஓடியபோதும் அமுக்கியது. முன்னைவிட பலமாக. மூச்சே வரவில்லை. இப்படியே போனால் செத்துவிடுவோம் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

சனிக்கிழமை காலை. ஆபேல் சட்னிக்கு மிக்ஸியைப் போட்டான்.

டக்.

ஜெரூஷா தரையில் கிடந்தாள்.

டக்... டக்... டக்...

அவள் நெஞ்சில் துணி பள்ளமாக அமுங்கி அமுங்கி எழுந்தது. ஐந்து விரல். ஆபேல் பார்த்தான். தன் கண்ணால் பார்த்தான்.

ஒயரைப் பிடுங்கினான்.

நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமைவரை அந்த வீட்டில் மின்விசிறிகூடச் சுற்றவில்லை. சந்தை கூடியதும் ஜெரூஷா நேரே ரங்கனிடம் போனாள். அந்தப் பட்டனை எங்கிருந்து கொண்டுவந்தாய் என்று, சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டாள். முதலில் மழுப்பினான். அவள் விடவில்லை.

"ரப்பர் பட்டறைக்கா. ரோலர்ல ஒர்த்தரு கை மாட்டிகிச்சு. உள்ள இழுத்துகினே போவுது. இன்னொரு கையால அந்தப் பட்டன அமுக்கிகினே இருந்தாராம்... உசுரு போற வரைக்கும்."

"மிஷின் ஏன் நிக்கல?"

"பின்னாடி ஒயரே கிடையாதுக்கா. செக்கிங் வந்தா காட்டறதுக்கு வச்சது."

அந்தப் பாவி முதலாளி ஜெயிலில்தானே இருக்கிறான் என்று ஜெரூஷா கேட்டாள். ரங்கன் தலையைச் சொறிந்தான்.

"ஜெயிலா? புதுப் பட்டறை போட்டுகீறாருக்கா. இப்பதான் வந்துட்டுப் போறாரு. இதே மாதிரி சிவப்புப் பட்டன் ஆறு வாங்கினாரு. ஒயரு வேணுமான்னு கேட்டேன்... வேணான்னுட்டாரு."