டொரொண்டோவில் கடல்

டொரொண்டோ, 1974. தீவுக்குப் படகு பிடிக்க நிற்கிறேன். பக்கத்தில் ஒரு யாழ்ப்பாணத்துத் தம்பதி. கடலில்லாத ஊருக்கு வரமாட்டேன் என்று இங்கிலாந்தின் சின்னக் கடற்கரை ஊரொன்றிலேயே இருந்த அக்கா, நேற்றுத்தான் கணவரிடம் வந்திருக்கிறார். வாய் நிறைய அந்த ஊர்தான்: வெள்ளைக் கலங்கரை விளக்கம், கடலுக்குள் நீளும் பாலம்.

"உலகச் சண்டைக்குள்ள எதிரி வந்து இறங்காமல் பாலத்தை நடுவில வெட்டினவை, தம்பி. பிறகு பொருத்தினவை."

சொல்லிக்கொண்டே கரைப்படியில் குனிந்து, தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைக்கிறார்.

"உப்பில்லையேயப்பா! கடல் இருக்கெண்டுதானே எழுதினனீங்கள்?"

கணவர் என்னைப் பிடித்துக்கொள்கிறார். "தம்பி படிச்ச பிள்ளை. நீங்களே சொல்லுங்கோ, உது கடல்தானே?"

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். படித்ததை மாற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

"ஏரி, அக்கா."

கணவர் தலை குனிகிறார். அக்கா ஈரக்கையை அவர் சட்டையிலேயே துடைக்கிறார்.

"விசர் மனுசன்! ஏரியெண்டு எழுதியிருந்தாலும் இந்தமுறை வந்திருப்பன்."