பார்க்கும்போது மட்டும் எரியும் விளக்கு

இந்த ஊரில் யாரும் ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. நெதர்லாந்தின் வடக்கே, நான் பாடம் நடத்தும் பல்கலைக்கழகம் இருக்கிற சின்ன நகரத்தைச் சொல்கிறேன். சாயங்காலம் சைக்கிளை உருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினால் தெருவின் இரண்டு பக்கமும் ஆளுயரக் கண்ணாடிகள். உள்ளே விளக்கு எரியும், ஒரு குடும்பம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து மசித்த உருளைக்கிழங்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். தெருவில் போகிற ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பார்க்கக் கூடாது என்பது இங்கே எழுதாத சட்டம். வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. கிழவர் ஒருவர் தனியாக சூப் குடிப்பதைப் பார்த்து, நின்று கையசைத்துவிட்டேன். அவர் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கே வந்தார். "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "இல்லை, சாப்பிடுகிறீர்களா என்று கேட்கத்தான்" என்றேன். அவர் தன் மேஜையை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "ஆமாம், சாப்பிடுகிறேன். ஏன், ஏதாவது தவறாகத் தெரிகிறதா?" என்றார். நான் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிவந்தேன். எங்கள் மாரண்டஹள்ளிப் பக்கம் கதவு திறந்திருக்கிற வீட்டைத் தாண்டும்போது எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் போனால், இரண்டு வீட்டுக்கும் சண்டை என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

நான் இங்கே நடத்துவது சட்ட மாணவர்களுக்கான ஒரு பாடம். டிஜிட்டல் தொழில்நுட்பமும் புத்தாக்கமும் என்று பெயர். சட்டப் பிரிவுகளைத் தலைகீழாக ஒப்பிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு கேமரா எடுத்த படம் எங்கே போகிறது, யார் கையில் தங்குகிறது, யாரிடம் கேட்டு எடுத்தார்கள் என்று பிரித்துக் காட்டுவதுதான் என் வேலை. பருவம் முடிவதற்குள் அவர்கள் குழுவாகச் சேர்ந்து புதிதாக ஒரு பொருளை யோசித்து, மாதிரி செய்து காட்டவும் வேண்டும். நான் சேலத்தில் சட்டம் படித்தபோது கல்லூரியில் ஒரே ஒரு அறையில் கம்ப்யூட்டர்கள் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உறை போட்டு மூடிய அந்தப் பெட்டிகளைத் தொட்டது எங்களைவிட அவற்றைத் துடைக்க வந்தவர்கள்தான் அதிகம். என் மாணவர்களோ கம்ப்யூட்டரை மடியில் வைத்து, காலைத் தூக்கி எதிர் நாற்காலியில் போட்டுக்கொண்டு, "செல்வி, இது எனக்குப் புரியவில்லை" என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். முதல் வருடம் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது பழகிவிட்டது.

சென்ற பருவத்தில் ஒருநாள் கேமராவைப் பற்றி நடத்த வேண்டியிருந்தது. ஆளுக்கொரு உதாரணம் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். என் பங்குக்கு நானும் ஒன்று வைத்திருந்தேன். ஊரில் எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், நான் வைத்த கேமரா. அம்மா போன பிறகு அப்பா தனியாக இருக்கிறார். ஒருநாள் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து, பால் எடுக்க ஆள் வரும்வரை எழ முடியாமல் கிடந்தார். நான் விழுந்தடித்துக்கொண்டு ஊருக்குப் போனேன். திரும்பி வருவதற்கு முன் ஓசூரில் வாங்கி வந்து மாட்டியதுதான் அது. அப்பாவிடம் "இதுல நான் அங்கிருந்தே உங்களப் பாக்கலாம்ப்பா" என்றேன். "சரி பாப்பா" என்றார். நாற்பது வயதைத் தாண்டியும் அவருக்கு நான் பாப்பாதான். கடல் கடந்து வாழ்கிறவர்கள் வீட்டில் இப்போது இது சாதாரணம். இதைப் படிக்கிற உங்களில் பலர் போனிலும் அப்படி ஒரு ஹால் இருக்கும்.

திரையில் எங்கள் ஹால் வந்ததும் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். தர்மபுரி மாவட்டத்தின் மத்தியான வெயில் இங்கத்திய மழை நாளுக்குள் வந்து விழுந்தது. சற்று நேரத்தில் அப்பா உள்ளேயிருந்து வந்தார். தோளில் துண்டு, கையில் மருந்தடிக்கும் குழாய். கேமராவுக்கு நேராக நின்று, "பாப்பா, தக்காளிக்கு மருந்தடிச்சுட்டு வந்துடறேன். வெயிலு கொஞ்சம் எறங்கிடுச்சு" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு போனார். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டைவிட்டு வெளியே கிளம்புகிறவர் வீட்டில் இருக்கிற யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும், சொல்லாமல் போவது எங்கள் பக்கம் நல்லதில்லை என்று விளக்கினேன். அதற்குள் கதவு திறந்தது. எதிர்வீட்டு கௌரம்மா அக்கா எட்டிப் பார்த்தார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எங்களோடு தமிழ் பேசுவார். யாருமில்லை என்று உறுதி செய்துகொண்டு கேமராவுக்குக் கிட்டே வந்தார்.

"கண்ணு, நான் கௌரக்கா. எம்பொண்ணு புருஷன் வீட்ல இருந்து திரும்பி வந்துட்டா. அவன் கையி நீட்றான் போல இருக்குது. ஊர்ல யாருக்கும் தெரியாது. நீ வக்கீலுக்குப் படிச்சவ, ஒரு வழி சொல்லு கண்ணு. அப்பாகிட்ட கூட சொல்லல, உங்கிட்ட மட்டுந்தான் சொல்றேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். வகுப்பறையே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "என்ன சொன்னார்?" என்று ஒருவன் கேட்டான். "அப்பா எங்கே என்று கேட்டார்" என்று சொல்லித் திரையை அணைத்தேன். முன்வரிசையில் ஃபெம்கெ என்றொரு பெண் இருந்தாள். அதிகம் பேசாதவள். அவள் கையைத் தூக்கினாள். "நாங்கள் பார்க்கிறோம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள். தெரியாது என்றேன். "சொந்த வீட்டுக்குள், சொந்த உபயோகத்துக்கு என்றால் சட்டம் தலையிடாது என்று போன வாரம் சொன்னீர்கள். எங்களுக்குக் காட்டியதும் அது சொந்த உபயோகம் இல்லையே? உங்கள் அப்பாவிடமாவது கேட்டீர்களா?" எனக்குச் சுருக்கென்றது. "அவர் என் அப்பா" என்றேன். அவள் அதை முழுப் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே ஏதோ வரும் என்று பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் முதலில் கௌரம்மா அக்காவுக்குப் போன் செய்தேன். யாரைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும் என்று சொன்னேன். பிறகு கேமராவில் பதிவாகியிருந்ததைத் திறந்து பார்த்தேன். அதில் கடைசிச் சில நாட்கள் மட்டும் இருக்கும், பழையது தானாக அழிந்துவிடும். ஆரம்பத்தில் தினமும் பார்த்தேன். பிறகு வேலை, குளிர், சோம்பல். பாதி நாள் திறப்பதே இல்லை. இப்போது உட்கார்ந்து பார்த்தால் அப்பா நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். கிளம்பும்போது சொல்கிறார், வந்ததும் சொல்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு கேமராவுக்கு எதிரே வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறார். "இன்னிக்கி கீரதான் பாப்பா" என்று தட்டைச் சாய்த்துக் காட்டுகிறார். நான் எப்போதும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு அழுகையாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது.

அடுத்த வாரம் ஃபெம்கெயின் குழு தங்கள் பொருளைக் கொண்டுவந்தது. என் உதாரணத்திலிருந்துதான் யோசனை வந்ததாம். கேமராவோடு பொருத்துகிற ஒரு சின்ன விளக்கு. மறுமுனையில் யாராவது உண்மையாகவே பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் எரியும். பார்ப்பதை நிறுத்தினால் அணைந்துவிடும். "இது இருந்தால் எப்போது தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது உங்கள் அப்பாவுக்குத் தெரியும். நிம்மதியாக இருக்கலாம்" என்றாள் ஃபெம்கெ. நல்ல யோசனை, நல்ல மதிப்பெண்ணும் போட்டேன். ஆனால் அந்த விளக்கை எங்கள் ஹாலில் வைத்துப் பார்த்தேன். காலையிலிருந்து இரவுவரை அணைந்தே கிடக்கும். கீரைத் தட்டைக் காட்டும்போதும் அணைந்திருக்கும்.

சம்மதம் என்றால் விவரம் தெரிந்து கொடுப்பது என்று ஒவ்வொரு வருடமும் நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அப்பாவுக்கு விவரம் சொல்வதென்றால், நான் பார்ப்பதில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் அந்த வீட்டில் அவர் மறுபடியும் தனி. சொல்லாவிட்டால் காலத்துக்கும் யாருமில்லாத இடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். மூன்று நாட்கள் இதிலேயே போயின. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டேன்.

"அப்பா, அந்த கேமராவப் பத்தி ஒன்னு கேக்கணும்."

"ஏம் பாப்பா, படம் சரியா தெரியலையா? நேத்துதான துணிய வெச்சுத் தொடச்சேன்."

"நல்லாத்தான் தெரியுது. அது அங்க இருக்கறது உங்களுக்குச் சம்மதமான்னு கேக்கறேன்."

"சம்மதமா? இதென்ன, பொண்ணு பாக்க வந்த மாதிரி கேக்கற!" என்று சிரித்தார். நான் சிரிக்காததை உணர்ந்து, "யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?" என்றார்.

"இல்லப்பா. நான் எந்நேரமும் அதுல பாக்கறதில்ல. பாதி நாளு தொறக்கறதே இல்ல. நீங்க பேசறதெல்லாம் கொஞ்ச நாளு இருந்துட்டு தானா அழிஞ்சிடும்."

அந்தப் பக்கம் மாடு கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அப்ப மாடு கன்னு போட்டுச்சுன்னு சொன்னனே, அது?"

"அதயும் பாக்கலப்பா."

"கெடேரிக் கன்னு" என்றார். "நெத்தியில வெள்ள. சரி, வெச்சிடறேன் பாப்பா. தண்ணி காட்டணும்."

மறுநாள் கேமராவைத் திறந்தேன். இணைப்பு இல்லை என்று வந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். போனில் கூப்பிட்டால் எடுத்தார். மழை, தக்காளி விலை, கன்றுக்குட்டி எல்லாம் பேசினார். கேமராவைப் பற்றி அவரும் சொல்லவில்லை, எனக்கும் கேட்க வாய் வரவில்லை. வகுப்பு முடிந்து போகும்போது ஃபெம்கெ என்னை நிறுத்தினாள். "அப்பாவிடம் கேட்டீர்களா?" என்றாள். கேட்டேன் என்றேன். "என்ன சொன்னார்?" "பிளக்கைப் பிடுங்கிவிட்டார்." அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அருமை! தன் உரிமையைப் பயன்படுத்தியிருக்கிறார். நீங்கள் பெருமைப்பட வேண்டும்" என்றாள். நல்ல பெண். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அன்று சைக்கிளை மிதிக்காமல் வீடுவரை தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மையைச் சொன்னதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து, பழக்கதோஷத்தில் போனில் கேமராவைத் தொட்டபோது படம் வந்தது. எங்கள் ஹாலைக் காணவில்லை. இரண்டு ஓரத்திலும் ஜன்னல் கம்பி. நடுவில் எங்கள் கேட். அதற்கப்பால் பாலக்கோடு போகிற ரோடு. தக்காளிக் கூடைகளோடு ஒரு லோடு ஆட்டோ போனது. அப்பாவை எங்கும் காணவில்லை. விழுந்துவிட்டாரோ என்று பயந்தேன். அப்போது இருமல் சத்தம் கேட்டது. படத்துக்குள்ளிருந்து வரவில்லை, கேமராவுக்கு இந்தப் பக்கமிருந்து வந்தது. உடனே போன் செய்தேன்.

"கேமரா திரும்பியிருக்குதுப்பா."

"நாந்தான் திருப்பி வெச்சேன். என்னியப் பாத்துட்டே இருக்கறதுக்கு என்ன கெடக்குது, அதே மூஞ்சிதான. நீ தொறக்கற அன்னிக்கு ரோட்டப் பாரு. நானும் பக்கத்துலயே சேரப் போட்டு ஒக்காந்துக்கறேன். நீ பாத்தா ரெண்டு பேரும் பாக்கலாம். பாக்கலன்னா நான் பாத்துக்கறேன்."

"சரிங்கப்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் தன் சம்மதத்தைத் தன் விருப்பப்படி தந்துவிட்டார். ஒரே சிக்கல், பொது வீதியைப் பார்த்து வீட்டுக் கேமராவை வைக்கக் கூடாது என்பதுதான் அடுத்த பருவத்தில் நான் நடத்தப்போகிற முதல் பாடம். வீட்டுக்குள்ளே இருந்தவரை ஒரு மாதிரி சமாளித்திருக்கலாம், வீதிக்கு வந்ததும் இந்த ஊர்ச் சட்டப்படி எனக்குப் பதிலே கிடையாது. ஃபெம்கெயிடம் இதை நான் சொல்லவில்லை.

இப்போது வேலை முடிந்ததும் தினமும் திறக்கிறேன். நான் திறந்திருப்பது அவருக்குத் தெரியாது, அவரும் கேமராவிடம் பேசுவதில்லை. நாற்காலி கிறீச்சிடுவதும் அவ்வப்போது அந்த இருமலும் என் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். அங்கே இருட்டிவிட்டிருக்கும். ஓசூர் பஸ் வந்து கேட்டுக்கு எதிரே நிற்கும். உள்விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொருவராக இறங்குவார்கள். மூட்டையோடு ஒருவர், துணிப் பையோடு இரண்டு பேர், பயணப் பெட்டியோடு ஒரு பெண். அந்தப் பெண் எங்கள் கேட்டைத் தாண்டிப் போகும்வரை இருமல்கூடக் கேட்காது. பஸ் கிளம்பியதும் அப்பா தனக்குத் தானே, "நம்மாளு யாரும் எறங்கல" என்பார். நானும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, வராத என்னை அந்த ரோட்டில் தேடிக்கொண்டிருப்பேன்.