கொண்டை போட்டு அளந்த உயரம்

எனக்கு அறுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஒன்றையும் யாரும் அளந்து பார்த்ததில்லை. அதனால், கடைசி மகனின் பெண்ணை பால்வாடி டீச்சர் சுவரோரம் நிற்கவைத்து, மூன்று வயதுக்கு இந்த உயரம் போதாது என்றபோது எனக்குச் சுருக்கென்றது. மகனும் மருமகளும் கும்மிடிப்பூண்டியில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். பகலெல்லாம் குழந்தை என் கையில்தான். அப்படியென்றால் குறை யாருடையது?

எங்கள் வம்சமே குள்ளம் என்று சொல்லிப் பார்த்தேன். டீச்சர் கேட்கவில்லை. அடுத்த மாதம் குழந்தையின் முடியை உச்சியில் தூக்கி வாரி, என் சவுரியை உள்ளே வைத்து, பெரிய கொண்டையாகப் போட்டு, பூவும் சுற்றிக் கூட்டிப்போனேன். டீச்சர் அளவுக் கட்டையை இறக்கினாள். கொண்டையில் இடித்து நின்றது. விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கொண்டைக்கும் சேத்தா சோறு ஊட்டுற?"

வந்திருந்த தாய்மார்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். சவுரியை உருவி என் மடியில் வைத்துவிட்டு அளந்தாள். போன மாதம் நின்ற இடத்திலேயே நின்றது உயரம்.

குழந்தைக்கென்று பால்வாடியில் மாதாமாதம் கொடுக்கும் சத்துமாவை என்ன செய்கிறேன் என்று கேட்டாள். பெருமையாகத்தான் சொன்னேன். பிள்ளை தனியாகத் தின்றால் கண் படும். அதனால் நெய் விட்டு உருண்டை பிடித்து, வீட்டில் எல்லோருக்கும், பக்கத்து வீட்டுக்கும் கொடுத்த பிறகுதான் அவளுக்கு. ஒரு மாதத்து மாவு நாலு நாளில் தீர்ந்துவிடும்.

"தெருவே வளந்துடுச்சி, கொயந்தைய தவிர" என்றாள்.

அன்றைக்கே மாவுப் பாக்கெட்டை அரிசிப் பானைக்குள் புதைத்தேன். மகன் கேட்டாலும் இல்லை. தினமும் அவளுக்கு மட்டும் கஞ்சி, பகலில் ஒரு முழு முட்டை. கண் படாமலிருக்கக் கன்னத்தில் ஒரு பொட்டு மை போதும் என்று விட்டுவிட்டேன். சில மாதம் கழித்துத் திருத்தணியில் அவளுக்கு மொட்டை போட்டு, அந்தத் தலையோடு நேரே பால்வாடிக்குக் கூட்டிப்போனேன்.

"இப்ப அளம்மா. ஒண்ணும் ஒளிச்சி வைக்கல."

பழைய அளவுக்கு இரண்டு விரற்கடை மேலே நின்றது கட்டை. இன்னும் ஏற வேண்டும், ஆனால் ஏறுகிறது என்றாள் டீச்சர். சந்தனம் பூசிய மொட்டையை நான்தான் தடவிக்கொண்டே இருந்தேன்.

இப்போது அவள் இரண்டாம் வகுப்பு. நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறவள், இதற்கே நாலு நாள் ஆனது. அலமாரி நடுத்தட்டிலிருந்து என் கண்ணாடியை எக்காமல் எடுத்துத் தந்தவளும் அவள்தான்.

வாடி இங்கே, இதை எனக்குப் படிச்சிக் காட்டு. கொண்டை வர்ற எடத்துல சிரிச்சிக்கினே படிக்காத.