பொட்டு வைத்த கடவுச்சொல்

சிதம்பரத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் கிளை மேலாளராகப் பதினோரு வருடம் ஓட்டிவிட்டேன். தலைமை அலுவலகம் கடலூர் மஞ்சக்குப்பத்தில். எங்கள் கிளைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அண்ணாமலை நகர் பல்கலைக்கழக ஊழியர்கள், மீதிப் பேர் கீரப்பாளையம் பக்கத்து விவசாயிகள். கீரப்பாளையம் என் மாமனார் ஊர். தெருவில் நடந்தால் நாலு வீட்டிலிருந்தாவது மாமா, மச்சான் என்று குரல் வரும். ஆதார் நகல், பட்டா நகல், அடகு வைத்த நகையின் போட்டோ என்று அவர்கள் நம்பிக் கொடுத்ததெல்லாம் நிறுவனத்தின் பெயரைப் பார்த்து அல்ல, என் முகத்தைப் பார்த்து. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

எனக்குக் கோபமும் சீக்கிரம் வரும். மூன்று வருடமாக அந்தக் கோபத்தை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவர் எங்கள் நிறுவனத்தின் சைபர் பாதுகாப்பு அதிகாரி. முப்பது வயதைத் தாண்டிய பெண். கடலூர் முதுநகரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். அண்ணாமலை நகரில் படித்தவர். அவர் வந்த முதல் மாதமே எல்லோருக்கும் ஒரு மெயில் வந்தது, போனஸ் பட்டியல் பார்க்க இங்கே அழுத்தவும் என்று. அழுத்தினேன். அது அவரே அனுப்பிய பரீட்சை. தோற்றவர்களைக் கடலூருக்கு வரவழைத்து அரை நாள் வகுப்பு எடுத்தார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து எங்கள் கிளையில் அவருக்குப் பெயர் ‘போனஸ் மேடம்’. வைத்தவன் நான்தான்.

அப்புறம் இரண்டாவது பூட்டைக் கொண்டுவந்தார். கடவுச்சொல்லை அடித்த பிறகு போனுக்கு ஓ.டி.பி. வரும், அதையும் அடித்தால்தான் கதவு திறக்கும். என் போனுக்கு ஓ.டி.பி. ஆடி அசைந்து வரும். எதிரே வாடிக்கையாளர் உட்கார்ந்திருக்க, நான் போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய் நிற்பேன். பொறுக்க முடியாமல் ஒரு நாள் துணைப் பொது மேலாளரிடம் சத்தம் போட்டு, எனக்கு மட்டும் அந்தப் பூட்டு வேண்டாம் என்று மூன்று மாத விலக்கு வாங்கிவிட்டேன். ஜெயித்த சந்தோஷத்தில் அன்று கிளை முழுவதற்கும் வடை வாங்கிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம், சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் அவர் போன் செய்தார்.

“சார், உங்க பிராஞ்சில பூஜை எத்தன மணிக்கு முடியும்?”

“பதினோரு மணிக்கு. ஏன் மேடம், பொரி கடலை வேணுமா?”

“குடுத்தா வாங்கிக்கறேன் சார். முடிஞ்சப்புறம் சிஸ்டத்த எப்ப தொடுவிங்க?”

“விஜயதசமி காலைலதான். அதுக்கு முன்னாடி எவனும் தொட மாட்டான்.”

“உங்க லேப்டாப்?”

“அதையும் கொண்டாந்து பூஜையிலதான் வைப்போம்.”

நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவருக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம் என்று காசாளர் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல எல்லோரும் கூடினோம். கம்ப்யூட்டர், பிரிண்டர், நகை எடை பார்க்கும் தராசு, பெட்டகச் சாவி என்று ஒன்றையும் விடாமல் காசாளர் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார். என் கம்ப்யூட்டர் திரையின் கீழ் ஓரத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருக்கும். நான் ஊரில் இல்லாத நாளில் மற்றவர்கள் திண்டாடக் கூடாதென்று என் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அதில் நானே எழுதி வைத்திருந்தேன். அந்தச் சீட்டுக்கும் நாலு மூலையில் மஞ்சள் தடவி, நடுவில் ஒரு பொட்டு வைத்திருந்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. போட்டோ எடுத்து, எங்கள் கிளையின் பேஸ்புக் பக்கத்தில் வாழ்த்தோடு போட்டேன். பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தேன்.

மூன்று மணிக்கு மறுபடியும் அவர் போன்.

“சார், இப்ப சிஸ்டத்துக்குள்ள போனிங்களா?”

“இன்னிக்கி யாரும் தொட மாட்டோம்னு நேத்தே சொன்னேனே மேடம்.”

“ஆமா சார். அதனாலதான் அது நீங்க இல்லன்னு தெரிஞ்சிது. உங்க பேர்ல வேற யாரோ உள்ள வந்துட்டாங்க. நாலு நிமிஷம். உங்க ஐ.டி.ய மூடிட்டேன். இப்ப சொல்லுங்க, பாஸ்வேர்ட எங்கியாவது எழுதி வச்சிருக்கிங்களா?”

சீட்டைப் பற்றிச் சொன்னேன், பொட்டைப் பற்றிச் சொன்னேன், போட்டோவைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்லக் கீரப்பாளையத்துத் தெரு என் கண் முன்னால் வந்தது. அந்தக் காகிதங்கள் வெளியே போயிருந்தால் நான் எந்த முகத்தோடு அங்கே போவேன்? அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.

“நல்லது சார், மறைக்காம சொன்னிங்க. மொதல்ல போட்டோவ எடுங்க. அப்புறம் பிராஞ்சுக்குப் போயி நெட் ஒயர கழட்டிடுங்க. அங்க வைரஸ் எதாவது ஒட்டிக்கிட்டிருக்கான்னு நாளைக்கி ஆள் வந்து பாப்பாங்க.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே கற்பூர வாசனை. மாலை போட்ட கம்ப்யூட்டரின் முன்னால் நின்றபோது கை நீளவில்லை. பூஜை போட்டதைத் தொட்டு எனக்குப் பழக்கமில்லை. போனில் அவர் காத்திருந்தார். என் தயக்கம் எப்படித்தான் அவருக்குக் கேட்டதோ.

“கும்பிட்டுட்டு எடுங்க சார். நான் லைன்லதான் இருக்கேன்.”

கும்பிட்டுவிட்டு ஒயரைக் கழற்றினேன். அழுகை வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயதில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் அழுதவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விஜயதசமி முடிந்து கடலூருக்குக் கூப்பிட்டார்கள். பஸ்ஸில் போகும்போதே வேலை போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். இயக்குநர்களின் ரிஸ்க் கமிட்டிக்குப் போகும் அறிக்கையை அவர் மேஜை மேல் வைத்திருந்தார். அவர் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அடங்கியவர் அல்ல, நேராக அந்தக் கமிட்டிக்குப் பதில் சொல்கிறவர். அவசரமென்றால் நிர்வாக இயக்குநரின் ஐ.டி.யைக்கூட யாரையும் கேட்காமல் மூட அவருக்கு அதிகாரம் கொடுத்து வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கு அன்றுதான் தெரிந்தது.

ரிஸ்க் ரிஜிஸ்டர் என்ற ஒன்றையும் அன்றுதான் பார்த்தேன். எந்தெந்த வழியாக ஆபத்து வரலாம், அதற்கு யார் பொறுப்பு, எப்போது சரிசெய்வார்கள் என்று வரிசையாக எழுதியிருந்தது. நான் சத்தம் போட்டு வாங்கிய விலக்கும் அதில் ஒரு வரியாக இருந்தது. யார் கேட்டார், யார் கொடுத்தார், எந்தத் தேதியில் முடிகிறது, அதுவரை யார் கண் வைத்திருப்பார் என்று போட்டு, கடைசிக் கட்டத்தில் அவரே கையெழுத்திட்டிருந்தார். நான் ஞாயிறு, பொங்கல் பார்க்காமல் வீட்டிலிருந்தே உள்ளே போய்ப் பார்க்கிறவன். மற்ற விடுமுறை நாளில் என் பெயரில் யார் நுழைந்தாலும் அது நானென்றே அந்தக் கம்ப்யூட்டர் நினைத்திருக்கும். என் கை சும்மா இருக்கிற ஒரே நாள் சரஸ்வதி பூஜை. அன்று யார் நுழைந்தாலும் தன் போன் அடிக்கும்படி எல்லாக் கிளைகளுக்கும் செய்து வைத்திருந்தார். எங்கள் பூஜையை எங்களைவிட அவர் கவனமாகப் பார்த்திருக்கிறார். நான் அந்த ரிஜிஸ்டரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடம் இந்தப் பெண்ணைக் கேலி செய்திருக்கிறேனே என்று கூசியது.

அந்த நாலு நிமிடத்தில் வந்தவன் ஒரே ஒரு பைலைத் திறந்திருந்தான். கூட இருந்த துணைப் பொது மேலாளர் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

“ஒரு பைல்தான? இதப் போயி கஸ்டமர் கிட்ட சொல்லி எதுக்குப் பீதிய கெளப்பணும்?”

“ஒரு பைல் இல்ல சார், ஒரு ஆளு,” என்றார் அவர். “சொல்லித்தான் ஆவணும். கமிட்டி போட்ட விதி அது.”

அறிக்கையில் என் பெயரைத் தேடினேன். ‘ஒரு கிளையில்’ என்று மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டேன். பெயர் போட்டால் அடுத்த தடவை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்றார். என் வேலை போகவில்லை. விலக்குதான் போனது. திறக்கப்பட்ட பைல் யாருடையது என்று அப்புறம்தான் பார்த்தேன். கீரப்பாளையத்தில் உரக்கடை வைத்திருக்கும் என் மனைவியின் தம்பியுடையது.

அடுத்த நாள் நானும் அந்த அதிகாரியும் அவன் வீட்டுக்குப் போனோம். நடந்ததைச் சொல்லும் கடிதத்தை அவரே நேரில் கொடுக்க வேண்டுமாம். என் மனைவியும் கூட வந்தாள். மச்சான் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும்போது, யாரோ அவனுடைய ஆதார், போன் நம்பர், நகைப் பட்டியல் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார்கள் என்பதை அவர் நிதானமாக விளக்கினார். யாராவது போன் செய்து நகை விவரத்தைச் சரியாகச் சொன்னாலும் நம்பக் கூடாது என்றார். தன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

“உங்க காயிதத்த பாத்துக்கறதுதான் எங்க வேல. தவறிட்டம். மன்னிச்சிக்குங்க சார்.”

‘எங்க’, ‘தவறிட்டம்’ என்று அவர் சொன்னதில் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். அப்படியே எழுந்து வந்திருக்கலாம். இப்படிக் காப்பாற்றிய பெண் மன்னிப்புக் கேட்க, சீட்டு ஒட்டியவன் காபி குடித்துக்கொண்டிருப்பது எனக்கே பொறுக்கவில்லை.

“மச்சான், இவுங்க மேல தப்பு இல்ல. என் பாஸ்வேர்டுதான். நான்தான் எழுதி ஒட்டி, போட்டோவும் போட்டேன்.”

மச்சான் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துக் கேட்டான்.

“ஏம்மா, நீங்க எத்தினி பேரு காயிதத்த பாத்துக்கறிங்க?”

“எல்லா பிராஞ்சிலயும் இருக்கற எல்லாருதும்.”

கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அதன் பிறகுதான் என் பக்கம் திரும்பினான்.

“உங்க காயிதம் ஒன்னே ஒன்னு. அத பாத்துக்க முடியலியா மாமா?”

என் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் சிரிக்கவில்லை.